ஓய்வுக் காலத்திற்கு உகந்த ஊர்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் ஒன்றிய அலுவலகத்தில் நடந்த பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்தகைய கூட்டங்களில் குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, இணைப்புச் சாலை ஆகியவற்றைப் பற்றியே நான் பேசுவது வழக்கம். இன்று வேறொரு விஷயத்தை எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். உழைக்கும் பருவம் முடிந்த ஒருவர், கையிலுள்ள சொற்பப் பொருளைக் கொண்டு, பிறருக்குப் பாரமாகாமலும், சோம்பிக் கிடக்காமலும் வாழ்வதற்கு எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது என்பதே அது. ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்குரிய பேச்சு இது, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் எண்ணக்கூடும். இருக்கிறது. நம் ஊர்களிலிருந்து ஆசிரியராகவும், காவலராகவும், பஸ் நடத்துநராகவும், பட்டாளத்துச் சிப்பாயாகவும், ஆலைத் தொழிலாளியாகவும் வெளியேறியவர்கள் திரும்பி வரும் பிராயம் இது. அவர்கள் நம் ஊருக்குத் திரும்புவதா, வேறிடம் நாடுவதா என்பது பெரும்பாலும் நாம் ஊரை எப்படி வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அன்றியும், ஓய்வூதியம் இல்லாத விவசாயிக்கும் முதுமை வரத்தான் செய்கிறது.

2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டின் ஜனத்தொகை 7 கோடியே 21 இலட்சம். அதில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 75 இலட்சம் பேர், 60 வயது நிரம்பியவர்கள். இந்தியா முழுமைக்கும் எடுத்துக்கொண்டால் இவ்விகிதம் நூற்றுக்கு ஒன்பதை எட்டவில்லை. பிறப்பு குறைந்து, ஆயுள் நீண்டுவிட்டமையால், அக்கணக்கிற்குப் பின் இந்த விகிதம் மேலும் உயர்ந்தே வந்திருக்கிறது. கணக்கைப் பார்த்துத்தான் அறிய வேண்டுமென்பதில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு எந்தக் கிராமத்தின் தெருவில் நடந்தாலும் எதிர்ப்படுகிறவர்களில் பெரும்பாலோர் நரைத்த தலையினரே. இளைஞர்கள் திருப்பூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள்.

மாநில அரசாங்க ஊழியர்களின் ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. அறுபதில் உத்தியோகத்தை விட்டு வருகிறவர் இன்னும் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழ்வது இன்று சர்வசாதாரணம். ஒரு மனிதர் தம் வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டிய இடத்தை, மகளுக்கு வரன் பார்ப்பதில் காட்டும் கவனத்தில் பாதியையேனும் காட்டித் தேர்ந்தெடுக்க வேண்டாமா? பலர் அவ்வாறு செய்வதில்லை. கையில் பணிக்கொடை வந்து சேர்ந்த ஆறு மாதத்திற்குள் எங்கோ ஓரிடத்தில் மனை வாங்கி, அதற்கு அடுத்த ஆறு மாதத்தில் மாடி வைத்து வீடு கட்டி முடித்துவிடுகிறார்கள். முழங்கால் ஒத்துழைக்கும் வரையில் மாடியில் குடியிருப்பார்கள். பின்னர் அம்மாடி புறாக்களுக்கு உரியதாகிவிடுகிறது.

ஓய்வு பெற்றவருக்கு இன்று பொதுவாக மூன்று வழிகள் உள்ளன. பட்டணத்திலுள்ள மகன் வீட்டில் அல்லது மகள் வீட்டில் போய் இருப்பது ஒன்று. மூத்தோருக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்பில் சேருவது மற்றொன்று. சொந்த ஊருக்குத் திரும்புவது மூன்றாவது.

முதல் வழியைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. இங்குள்ளோரில் பலர் அனுபவித்தே அறிவீர்கள். பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கும் வரையில் எல்லாம் இனிதாக நடக்கும். குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியபின், நான்காவது மாடியில் பூட்டிய கதவுக்குள், தொலைக்காட்சியே துணையாகக் காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரை உட்கார்ந்திருக்க வேண்டியதாகிறது. பிள்ளைகள் மீது குற்றம் சொல்வதற்கில்லை. அவர்கள் பிழைப்பு அவ்வாறு. ஆனால் ஒரு யோசனை: மகன் வீட்டிற்குப் போவதானால், ஊரிலுள்ள வீட்டை விற்றுவிட்டுப் போகாதீர்கள். ஓராண்டு பூட்டி வையுங்கள், அல்லது நம்பிக்கையானவரைக் குடியமர்த்துங்கள். திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது என்ற தைரியமே பட்டணத்து வாழ்வையும் சகிக்கத்தக்கதாக்கும்.

மூத்தோர் குடியிருப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுகிறேன். கோயம்புத்தூரைச் சுற்றி இத்தகைய குடியிருப்புகள் நிறையத் தோன்றியுள்ளன. இதமான தட்பவெப்பம், பெரிய ஆஸ்பத்திரிகள், விமான நிலையம் ஆகியவை அதற்குக் காரணம். சென்னை, புதுச்சேரிப் பக்கங்களிலும் உள்ளன. இவற்றைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. பொதுச் சமையற்கூடத்தில் வேளாவேளைக்கு உணவு கிடைக்கிறது. வழுக்காத தரையும், கைப்பிடியுள்ள கழிப்பறையும், அழைத்தால் வரும் செவிலியரும் உண்டு. மாலையில் பேசவும் பாடவும் நாலு பேர் கூடுகிறார்கள். பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்கும் தம்பதியருக்கு இது பெரும் ஆறுதல்.

ஆனால் செலவு? வீட்டை விலைக்கு வாங்குவதோ, பெருந்தொகையை வைப்பாகக் கட்டி வாழ்நாள் வரை குடியிருப்பதோ, மாத வாடகைக்கு எடுப்பதோ எதுவாயினும், அதற்கு மேல் உணவுக்கும் பராமரிப்புக்கும் மாதந்தோறும் கட்டணம் உண்டு. கிரயத்தைக் கேட்டு அறிகிறவர்கள் இந்த மாதக் கட்டணத்தை விசாரிப்பதில்லை. கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு உயரும், கணவர் காலமானபின் மனைவி ஒருவர் மட்டும் இருந்தால் எவ்வளவு, படுக்கையில் விழுந்தால் அங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்வார்களா அல்லது வெளியேறச் சொல்வார்களா, விலகினால் வைப்புத் தொகையில் எவ்வளவு திரும்பும் என்பனவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். வாய்மொழியாக வரும் உறுதி போதாது. மத்திய அரசாங்கம் 2019-இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கென மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டது. கட்டுபவர், சேவை வழங்குபவர், குடியேறுபவர் ஆகிய மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பது அதிலுள்ள முக்கியமான அம்சம். ஏனெனில் கட்டியவர் விற்றுவிட்டுப் போய்விடுவார். சோறு போடுகிறவர் வேறொருவர். இருவருக்கும் இடையில் அகப்பட்டு முதியவர் அலையக்கூடாது. வாங்கும் முன்பு அந்தக் கட்டடம் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவானதா என்றும் பார்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் சட்டம் அதற்காகவே ஏற்பட்டது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். நடுத்தர ஊழியர் ஒருவர் தமக்கு வந்த தொகையில் 10 இலட்சம் ரூபாயை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2023 ஏப்ரலில் அதன் வட்டி நூற்றுக்கு 8.2 என நிர்ணயிக்கப்பட்டது. ஒருவர் இடக்கூடிய உச்ச வரம்பும் அதே ஆண்டில் 15 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக்கப்பட்டது. 8.2 வீதம் 10 இலட்சத்திற்கு ஆண்டுக்கு 82,000 ரூபாய். மூன்று மாதத்திற்கு ஒரு முறை 20,500 ரூபாய் கைக்கு வரும். மாதக் கணக்கில் 6,800 ரூபாய்க்குச் சற்று மேல். பணம் போடும் நாளில் உள்ள வட்டி விகிதமே ஐந்தாண்டுகளுக்கும் செல்லும் என்பது இதன் சிறப்பு. இந்த 6,800 ரூபாயைக் கொண்டு பட்டணத்தில் வாடகை வீட்டில் இருவர் வாழ இயலாது. மூத்தோர் குடியிருப்பிலோ பேச்சுக்கே இடமில்லை. ஆனால் சொந்த ஊரில், வாடகையற்ற வீட்டில், கொல்லையில் நாலு முருங்கையும் வாழையும் வைத்து, நியாயவிலைக் கடை அரிசியும் வாங்கிக்கொள்கிற தம்பதியர் இதைக் கொண்டு ஓரளவு மானமாக வாழலாம். ஓய்வூதியமும் உள்ளவர் தாராளமாகவே வாழலாம். இந்த அளவில் கிராமமே மலிவான இடம் என்பதில் ஐயமில்லை.

எனினும் மலிவு என்பது ஏமாற்றும் சொல். மாதந்தோறும் சர்க்கரை நோய் மாத்திரைக்காகப் பதினைந்து கிலோமீட்டர் வாடகைக் கார் வைத்துக்கொண்டு போக வேண்டிய ஊர் மலிவான ஊர் அன்று. இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், இருபது ஆண்டு மிச்சம் பிடித்தது ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். ஆகவே ஊரைத் தேடுகிறவர் வீட்டு விலையைக் கேட்பதற்கு முன், கதவு காலையில் திறக்கப்படாவிட்டால் எத்தனை மணிக்குள் அண்டை அயலார் வந்து தட்டுவார்கள் என்று கேட்க வேண்டும். விலை உயர்ந்த குடியிருப்புகளில் இதற்கென ஒரு மணி பொருத்தியிருக்கிறார்கள். நம் ஊர்களில் பால்காரரும், வாசல் தெளிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்மணியும் காசில்லாமல் அவ்வேலையைச் செய்து வந்தார்கள். அது இன்னும் எல்லா ஊரிலும் நடக்கிறதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், நம் வீடுகளின் அமைப்பே மாறிவிட்டது. முன்பு வாசலில் திண்ணை இருந்தது. உழைத்து ஓய்ந்த பெரியவர் அதில் உட்கார்ந்திருப்பார். போகிறவர் வருகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசுவார். தெருவின் நடமாட்டம் முழுவதும் அவர் கணக்கில் இருக்கும். இன்று கட்டப்படும் வீட்டில் திண்ணை இருந்த இடத்தில் சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் நிற்கின்றன. சாவடிகள் இடிந்தன, சிலவற்றில் சிமெண்டு மூட்டை அடுக்கியிருக்கிறோம். அரசமரத்து மேடையில் இளைஞர்கள் வண்டிகளை நிறுத்துகிறார்கள். ஆகவே பெரியவருக்குக் கிராமத்திலும் வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருக்கும்படி நேரிடுகிறது. ஓய்வு பெற்று ஊர் திரும்பிய சிலர் இரண்டே ஆண்டில் மீண்டும் பட்டணம் போய்விடுவதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் எண்ணம். பொழுது போகவில்லை என்று அவர்கள் சொல்வதன் பொருள், உட்கார்ந்து பேச ஓர் இடம் இல்லை என்பதே. ஒரு சாவடியைச் செப்பனிட்டு, முதுகு சாய்த்து உட்காரத்தக்க நாலு இருக்கைகளும், ஒரு விளக்கும், குடிநீரும், அருகில் ஒரு கழிப்பறையும் அமைக்க ஆகும் செலவு, நாம் நுழைவு வளைவு கட்டுவதற்குச் செலவிடும் தொகையைவிடக் குறைவு. தாயமும் ஆடுபுலி ஆட்டமும் தாமாக வந்து சேரும்.

நூலகத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு நூலகக் கட்டடங்களும் கிடைத்தன. அவற்றில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. திறப்பதற்கு ஆளில்லை என்கிறீர்கள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் வீட்டில் பொழுது போகாமல் இருக்கிறார். அதே தெருவில் நூலகம் பூட்டியிருக்கிறது. சாவியை யார் கையில் கொடுப்பது என்று தீர்மானிக்க அரசாணை வேண்டுமா?

சுறுசுறுப்பான ஊர் என்று எதைச் சொல்வது? பட்டணத்துக் குடியிருப்புகளில் யோகாசன வகுப்பும் பஜனையும் அட்டவணைப்படி நடக்கின்றன, நல்லதுதான். ஆயினும் நாற்பது ஆண்டு உழைத்த மனிதருக்கு, தம்மால் பிறருக்குப் பயன் உண்டு என்னும் உணர்வைப் போல உற்சாகம் தருவது வேறில்லை. அந்த வாய்ப்பைக் கிராமத்தைப் போல அளிக்கக்கூடிய இடமும் வேறில்லை. வங்கியில் இருந்தவர் மகளிர் குழுவின் கணக்கைச் சரிபார்த்துத் தரலாம். மின்வாரியத்தில் இருந்தவர் மோட்டார் பழுதை இன்னதென்று சொல்லலாம். ஓய்வு பெற்ற செவிலியர் வாரத்தில் ஒரு நாள் சாவடியில் இரத்த அழுத்தம் பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயப் பெரியவரைக் கேட்டால், எந்த மதகு எந்த வயலுக்கு, எந்த ஆண்டு ஏரி உடைந்தது, எங்கே ஊற்று உண்டு என்பதெல்லாம் தெரியும். தூர்வாரும் வேலைக்கு மதிப்பீடு போட வரும் இளம் பொறியாளருக்கு அவரைவிடச் சிறந்த துணை கிடையாது. இவர்களை அழைக்க வேண்டும். அழைக்காமல் வர மாட்டார்கள். வயதானால் ரோஷம் கூடும்.

அடுத்து ஒரு விஷயம். இதைச் சொல்லாமல் விட்டால் என் கடமை குறைவுபடும். நம் ஊரில் பிறந்து, படித்து, அரசாங்கத்தில் நல்ல பதவி வகித்த ஒருவர், ஓய்வுக்குப் பின் ஊர் திரும்ப மறுக்கிறார். காரணம் கேட்டால் ஆஸ்பத்திரி தூரம் என்பார். உண்மையான காரணம் அதுவன்று. முப்பத்தைந்து ஆண்டு அலுவலகத்தில் மரியாதையோடு நாற்காலியில் உட்கார்ந்தவர், ஊருக்கு வந்தால் தேநீர்க் கடையில் எங்கே உட்கார வேண்டும், கோயிலில் எது வரை செல்லலாம், எந்தத் தெருவில் மனை வாங்கலாம் என்று பிறர் வரையறுப்பதைக் காண அவருக்கு மனமில்லை. தீண்டாமையை அரசியல் சட்டம் ஒழித்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் 1955-இல் வந்தது. அப்படியிருந்தும் ஊர் என்றும் காலனி என்றும் பிரித்துச் சொல்லும் வாய் மாறவில்லை. அவருடைய ஓய்வூதியமும், அனுபவமும், அவர் வாங்கித் தரக்கூடிய புத்தகங்களும் பட்டணத்துக்குப் போயின. நஷ்டம் யாருக்கு என்று ஊராட்சி உறுப்பினர்கள் கணக்குப் பார்த்துக்கொள்க. கணவரை இழந்து தனியே வாழும் தாய்மார்களின் நிலையும் இதைப் போன்றதே. அவர்கள் பகலில் சாவடியில் உட்கார்ந்தால் யாரும் முகம் சுளிக்காத ஊர்தான் ஓய்வுக்கு உகந்த ஊர். முதியோரில் பெண்களே அதிகம் என்பதை மறவாதீர்கள்.

மருத்துவ உதவியைப் பொறுத்தவரையில் கிராமத்தின் நிலை முன்பு இருந்தது போலில்லை. 108 ஆம்புலன்சு 2008 முதல் ஓடுகிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரப்படுகிறது. உங்கள் ஊரில் தனியே வாழும் முதியவர் எவரேனும் அப்பட்டியலில் விடுபட்டிருந்தால், சேர்க்கச் செய்வது உறுப்பினரின் வேலை. படுக்கையில் விழுந்தவர்களுக்கு என்ன செய்வது என்பதில் நாம் கேரளத்திடமிருந்து கற்றுக்கொள்ள இடமுண்டு. அம்மாநில அரசாங்கம் 2008-இல் ஒரு கொள்கை வகுத்து, தீராத நோயாளிகளின் வலியைத் தணிக்கும் சிகிச்சையைப் பஞ்சாயத்துகளின் பொறுப்பிலும் சேர்த்தது. செவிலியர் வீடு தேடிச் செல்கிறார். ஊராரில் தொண்டர்கள் உடன் செல்கிறார்கள். பெரிய கட்டடம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

ஊர் திரும்பி வீடு கட்ட நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் கட்டாதீர்கள். ஓராண்டு போக்கியத்துக்கோ வாடகைக்கோ இருந்து, சித்திரை வெயிலையும் ஐப்பசி அடைமழையையும் ஊரில் ஒரு முறை பாருங்கள். குடிநீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, கடைசி பஸ் எப்போது, மழையில் தெரு எப்படியிருக்கிறது என்பதெல்லாம் அப்போது விளங்கும். கட்டும்போது தரைத்தளத்தோடு நிறுத்துங்கள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் வேண்டும். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது அதற்குக் கணக்கு. நம் கொத்தனார்கள் இடத்தை மிச்சம் பிடிக்க மூன்றடியில் முடித்துவிடுவார்கள்; அதில் தள்ளுநாற்காலி ஏறாது, இறங்கினால் ஆளையே தள்ளிவிடும். கழிப்பறை படுக்கையறையை ஒட்டி இருக்கட்டும். உட்கார்ந்து எழும் உயரப் பீடமும், சுவரில் கைப்பிடியும் வையுங்கள். தூய்மை இந்தியா இயக்கத்தில் 12,000 ரூபாய் உதவியோடு கட்டப்பட்ட தனிநபர் கழிப்பறைகள் பலவும் கொல்லையின் கோடியில் உள்ளன. அங்கே போகும் பாதைக்கு ஒரு விளக்கும், பிடித்து நடக்க ஒரு மூங்கில் கைப்பிடியும் போடுவது அடுத்த வாரமே செய்யக்கூடிய காரியம்.

விவசாயிகளே, உங்களுக்குப் பணிக்கொடை நிலம்தான். நீங்கள் ஓய்வு பெறுவது என்பது பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்துக் கொடுப்பது. இதில் நடக்கும் அவசரம் பயங்கரமானது. செட்டில்மெண்டுப் பத்திரம் எழுதிய நாள் வரை தகப்பனார். பதிவு முடிந்த மறுநாள் முதல் மூன்று மகன்கள் வீட்டிலும் முறை வைத்துச் சாப்பிடுகிறவர். 2007-ஆம் ஆண்டில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 23-ஆவது பிரிவின்படி, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்தவர், பெற்றவர் அவ்வாறு செய்யத் தவறினால், பத்திரத்தைச் செல்லாதெனத் தீர்ப்பாயத்தில் அறிவிக்கச் செய்யலாம். நிபந்தனை என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்நிபந்தனை இருந்ததாகக் காட்ட இயலாத ஒரு வழக்கில் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பத்திரத்தை ரத்து செய்ய மறுத்தது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தாயின் வழக்கில், 2025 ஜனவரி 2-ஆம் நாள், அந்தச் சட்டத்தை முதியோருக்கு அனுகூலமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று கூறி, அவருடைய சொத்தை அவருக்கே திருப்பித் தந்தது. வழக்குக்குப் போய்த்தான் வெல்ல வேண்டுமா? ஒரு வரியைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால் போதும். வீட்டில் தமக்கும் மனைவிக்கும் வாழ்நாள் வரை குடியிருக்கும் உரிமையை நிறுத்திக்கொண்டு எழுதலாம். இன்னும் நல்லது, உயில் எழுதுவது. உயிரோடு இருக்கும் வரையில் அதை மாற்றும் உரிமை உங்களிடமே உண்டு. பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள் என்று தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: இந்த வரியைக் கண்டு கோபிக்கிற பிள்ளைக்காகவே அந்த வரி தேவைப்படுகிறது.

அதே சட்டத்தின்படி ஜீவனாம்சம் கேட்டு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம்; மாதம் 10,000 ரூபாய் வரை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. நிலமும் பிள்ளையும் இல்லாதவர்களுக்கு முதியோர் உதவித்தொகை இருக்கிறது. தமிழ்நாட்டில் 1962-இல் தொடங்கிய இத்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

ஒருவருமற்ற முதியோரும் கூடிச் சுறுசுறுப்பாக வாழ முடியும் என்பதற்குக் கடலூர் மாவட்டத்தில் ஓர் உதாரணம் உண்டு. 2004-ஆம் ஆண்டின் ஆழிப் பேரலைக்குப் பின், ஆதரவற்ற முதியோருக்காக ஹெல்ப்ஏஜ் இந்தியா என்னும் தொண்டு நிறுவனம் தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை அமைத்தது. விடுதி என்று பெயர் வைக்காமல் கிராமம் என்று வைத்ததில் பொருள் இருக்கிறது. அங்குள்ளோர் தங்களால் இயன்ற தோட்ட வேலையையும் செய்துகொண்டு கூடி வாழ்கிறார்கள். அரசாங்கமும் 2025-இல் அன்புச்சோலை என்னும் பெயரில் முதியோருக்கான பகல்நேர மையங்களைத் தொடங்கியது. பகலில் கூடி, உண்டு, பேசி, மாலையில் வீடு திரும்புவது என்பதே அதன் முறை. நான் முன்பு சொன்ன சாவடியும் ஏறக்குறைய அதுவே. மதியம் ஒரு வேளை கஞ்சிக்கு ஊரில் பொறுப்பேற்பவர் இருந்தால் முழுவதும் அதுவே.

இனி, நீங்கள் ஊருக்குச் சென்றதும் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஐக்கிய நாடுகள் சபை அக்டோபர் முதல் நாளை உலக முதியோர் நாளாக 1990-இல் அறிவித்தது. மறுநாள், காந்தியடிகள் பிறந்த நாளில், நமக்குக் கிராம சபை கூடுகிறது. அச்சபைக்கு முன்னால் ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் தம் வார்டில் தெருத் தெருவாகச் சென்று, அறுபது வயது கடந்தவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். தனியே இருக்கிறாரா, மாத்திரை வருகிறதா, உதவித்தொகை வருகிறதா, இரவில் கழிப்பறைக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார், முன்பு என்ன வேலை செய்தவர் ஆகிய ஐந்தையும் பெயருக்கு எதிரே குறித்துக்கொள்ளுங்கள். வெளியூரில் இருந்து ஓய்வு பெற்று, வரலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர்களின் பெயர்களைக் கடைசிப் பக்கத்தில் எழுதி, தயக்கம் எதனால் என்பதையும் அவர்களிடமே தொலைபேசியில் கேட்டுக் குறியுங்கள். கிராம சபையில் நோட்டை உரக்கப் படித்துவிட்டு, சாவடி எது, சாவி யாரிடம் என்னும் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றி எனக்கு அனுப்புங்கள். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் நானே ஊர் ஊராக வருகிறேன். வரும்போது அந்தக் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்க விரும்புகிறேன்.